காது மடித்த டேப்

ஜனவரி 6

என் பொட்டலக்காரிக்கு,

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இங்கே போன் பேசுகிற இடம் விடுதிப் படிக்கட்டுக்குக் கீழே. ஏறுகிறவன், இறங்குகிறவன் எல்லாரும் "வீட்டம்மாவா? நாங்களும் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். அதற்கு நடுவில் நான் என்னத்தைப் பேசுவது? போன தடவை நீயே சொன்னாய், "நீங்க பேசுறதைவிட மூச்சு விடுறதுதான் அதிகமா கேக்குது" என்று. சரி, மூச்சு விடாமல் எழுதுகிறேன்.

முந்தாநாள் உங்கள் விமான நிலையக் கிடங்கிலிருந்து நீ கட்டின பெட்டி ஒன்று வந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போதே உன் கை என்று தெரிந்துவிட்டது. மற்ற விமான நிலையங்களிலிருந்து பழுதுபார்க்க வருகிற பெட்டிகளில் டேப்பை இழுத்து ஒட்டி அப்படியே அறுத்துவிட்டிருப்பார்கள். நுனி எங்கே என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கத்தியைத்தான் எடுக்க வேண்டும். போன வருஷம் ஒருவன் அப்படிக் கத்தி போட்டு, உள்ளேயிருந்த வெள்ளிப் பையையும் சேர்த்துக் கிழித்துப் பெரிய ரகளை ஆனது. உன் டேப்பில் மட்டும் நுனி மடங்கி ஒரு காது நிற்கிறது. பிடித்து இழுத்தால் வந்துவிடுகிறது. உன் காதைத் திருக முடியாத குறைக்கு அதையாவது திருகிக்கொள்கிறேன்.

உன் பெட்டி வந்தால் நான் வரிசை பார்ப்பதில்லை. ஜன்னலோரத்து மர மேசைக்குத் தூக்கிக்கொண்டு போய் அதைத்தான் முதலில் பிரிப்பேன். விரிப்புப் போட்ட மேசையில் எப்போதும் ஆள் இருக்கிறது, பின்னால் சாந்தமூர்த்தி நிற்கிறார். அவர் எங்கள் மேற்பார்வையாளர். பெயர் நாங்கள் வைத்தது. மனிதர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, சிரித்துக்கொண்டே தலையில் கல்லைப் போடுவார். ஜன்னலோரத்தில் ஒரு நிமிஷம் நானும் உன் பெட்டியும் மட்டும் இருக்கலாம்.

குளிர் எலும்பைக் கடிக்கிறது. காற்றில் ஈரமே இல்லை. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுருக்கென்கிறது. நேற்று அறைத்தோழனுக்குக் கை கொடுக்கப் போய் இரண்டு பேரும் "ஆ!" என்று கத்தினோம்.

ஜூனோடு ஒப்பந்தம் முடிகிறது. பாஸ்போர்ட் சாந்தமூர்த்தியின் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. கேட்டேன். "ஜூன்ல தாராளமா போகலாம் தம்பி. அதுவரைக்கும் உங்க பேர்ல ஒரு புகாரும் வராம இருந்தா சரி" என்றார். சின்னவளிடம் சொல். அப்பா ஜூனில் வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 20

என்னங்க,

கடிதம் வந்தது. சின்னவள் காலண்டரில் ஜூன் பக்கத்தின் முனையை மடித்து வைத்துவிட்டாள். தினமும் எழுந்ததும் அந்த மடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறாள். நான் கூடப் பார்க்கிறேன், அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கொஞ்சல் எல்லாம் சரி. ஆனால் ஜன்னலோரத்து மேசையில் ஏன் பிரிக்கிறீர்கள்? அதில் மின்சாரத்தைத் தரைக்கு இறக்குகிற விரிப்பு ஏது, கைப்பட்டை மாட்ட இணைப்பு ஏது? நம் உடம்பில் சேர்கிற மின்சாரம் நமக்குத்தான் வெறும் சுருக். பெட்டிக்குள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் கார்டுக்கு அது இடி. இங்கே நான் மூக்கு அரித்தால்கூடப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சொறிவதில்லை, அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். கட்டின புருஷனானாலும் தப்பு தப்புதான். இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள்.

இன்று ஒன்று அனுப்பியிருக்கிறேன். விமான ஜெனரேட்டரின் கரண்ட்டை மட்டுப்படுத்துகிற பெட்டி. கருப்பாக, சின்னவளின் பள்ளிக்கூடப் பை அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு ரிலே ஒட்டிக்கொள்கிறதாம், மற்றபடி நல்ல பெட்டி. மாற்றுப் பெட்டி இல்லாததால் விமானம் கொட்டகையில் நிற்கிறது. எங்கள் கிடங்கின் பெரிய சார் வந்து தலைமாட்டில் நின்றுகொண்டு "பாத்தும்மா, பாத்தும்மா" என்று ஜபம் செய்தார். பின்பக்கம் இருக்கிற இணைப்பு முனைகளுக்கு மூடி போட்டேன். அந்தச் சுருக் உள்ளே புகாத வெள்ளிப் பையில் வைத்து வாயை இரண்டு மடிப்பு மடித்து ஒட்டினேன். பெட்டியின் உருவத்துக்கு வெட்டின ஃபோமில் உட்கார வைத்தேன். தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற மாதிரிதான். பையிலும் காது, வெளிப்பெட்டியிலும் காது. பத்திரமாகப் பிரியுங்கள்.

இந்தக் கிடங்கில் ஜன்னலே இல்லை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வெளியே வரும்போதுதான் மழை பெய்ததே தெரிகிறது. வீட்டுக்கு வந்தால் ஒற்றை அறை. மேலே குடியிருப்பவர்கள் நாற்காலி இழுக்கிற சத்தம், பக்கத்துச் சுவரில் இருமல். உங்களுக்காவது ஜன்னலோரம் ஒரு மேசை இருக்கிறது.

உங்கள் பொட்டலக்காரி


பிப்ரவரி 3

அன்புள்ள உனக்கு,

நலம். குளிர் இன்னும் குறையவில்லை. வேலை அதிகம். அதனால்தான் உடனே எழுதவில்லை.

சின்னவளுக்குச் சளி சரியாகிவிட்டதா? நேரத்துக்குச் சாப்பிடு.

அங்கே வேலையில் யாராவது ஏதாவது கேட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பழுதுபார்க்கிற இடத்துக்கும் அனுப்புகிற இடத்துக்கும் நடுவில் ஆயிரம் இருக்கும். எழுதுகிறவர்கள் எழுதுவார்கள், அதெல்லாம் நாலு நாளில் அடங்கிவிடும். ஜூன் வரைக்கும் ஓட்டிவிட்டால் போதும்.

வேறு ஒன்றுமில்லை.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 18

என்னங்க,

யாராவது ஏதாவது கேட்டால் என்று எழுதியிருந்தீர்கள். கேட்டுவிட்டார்கள்.

பெரிய சார் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த மனிதர் அதற்கு முன் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. "உங்க வீட்டுக்காரர் வேலை செய்யுற இடத்துலேருந்துதான் எழுதியிருக்காங்கம்மா. ரிலே மட்டுமில்ல, உள்ள இருந்த கார்டே செத்துப்போச்சாம். வெள்ளிப் பையோட வாய் திறந்தே இருந்துச்சாம்" என்றார். "நான் ஒட்டினேன் சார், நீங்க பக்கத்துலதான நின்னீங்க" என்றேன். "நான் பெட்டியத்தான் பாத்தேன், பை வாயை யாரு பாத்தா?" என்றார். அவ்வளவு நேரம் செய்த ஜபத்தில் அதைப் பார்க்கவில்லையாம்!

இங்கே பொட்டலம் கட்டுகிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் யார் என்று தேட வேண்டிய சிரமமும் அவர்களுக்கு இல்லை. என்னைப் பேட்டரிக் கொட்டகைக்குப் போட்டுவிட்டார்கள். அமிலம் சொட்டின தரையைக் கழுவ வேண்டும். கதவைத் திறந்து வைக்கக் கூடாது, தூசி வருமாம். நாற்றத்தில் தொண்டை எரிகிறது. என் மேசையில் இப்போது ஒரு தடியன். வைக்கோல் கட்டுகிற மாதிரி டேப் சுற்றுகிறான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் விசாரணை. என் மேல்தான் தப்பு என்று முடிவானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பை வாயை மூடாதவள் என்று பெயர் எடுத்தவளை வேறு எந்தக் கிடங்கிலும் சேர்க்க மாட்டார்கள்.

அதைக்கூட விடுங்கள். என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மடித்தேனா, மடிக்கவில்லையா? அன்றைக்கு மடித்ததாக நினைப்பது அதற்கு முந்தின நாள் மடித்ததா? வீட்டில் சின்னவளின் புத்தகத்தை ஒரு பைக்குள் போட்டு மடித்து மடித்துப் பார்க்கிறேன். "அம்மா, என் புத்தகத்தைக் குடு, வீட்டுப்பாடம் எழுதணும்" என்று அழுகிறாள். பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். அன்று அதைப் பிரித்தது யார்? வாய் திறந்திருந்தது என்று எழுதியது யார்? விசாரித்துச் சொல்லுங்கள். இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

உங்கள் பொட்டலக்காரி
(இப்போது அதுவும் இல்லை)


மார்ச் 5

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. இது நிறுவனம் எடுத்த முடிவு. ஒரு தடவை இங்கிருந்து எழுதிப் போய்விட்டால் மாற்றுவது கஷ்டம். விசாரணையில் எதிர்த்துப் பேசாதே. "கவனக் குறைவு, இனிமேல் நடக்காது" என்று சொல்லிவிட்டால் ஒரு எச்சரிக்கையோடு விட்டாலும் விடுவார்கள். அப்படியே வேலை போனாலும்தான் என்ன? நான் ஜூனில் கிளம்ப வேண்டும். அப்புறம் நீ எதற்கு அந்த ஜன்னல் இல்லாத அறையில் கிடக்க வேண்டும்? நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு ஓரம் லேசாகத் திறந்திருந்தது என்றுதான் பேச்சு. அது யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்காக உன் கையை யாரும் குறை சொல்லவில்லை.

இங்கே இரண்டு பேர் போன மாதம் கிளம்ப வேண்டியவர்கள். ஒருவன் ஒரு மீட்டரைக் கீழே போட்டு உடைத்தான், இன்னொருவன் அவனுக்குச் சாட்சி சொல்லப் போனான். சாந்தமூர்த்தி இரண்டு பேரையும் தோளில் தட்டி உட்கார வைத்து ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார். இரண்டு பேரும் என் அறையில்தான் படுத்திருக்கிறார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். யாருடனும் பேசுவதில்லை. இதையெல்லாம் உனக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

ஜூன் வரைக்கும் பொறுத்துக்கொள், கண்ணு.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 21

யார் எழுதியது என்று கேட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் பதில் இல்லை.

ஒரு ஓரமாம். இரண்டு மடிப்பு மடித்து, அகலத்துக்கும் டேப் ஒட்டிய பைக்கு ஓரம் ஏது? அதைப் பார்த்தவன் அப்படி எழுத மாட்டான். பார்த்தும் மறைக்கிறவன்தான் எழுதுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள்.

நேற்று கொட்டகையில் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் ஜனவரிக் கடிதம் நினைவுக்கு வந்தது. என் பெட்டி வந்தால் வரிசை பார்க்க மாட்டேன் என்றீர்கள். அப்படியானால் என் பெட்டியை அங்கே வேறு யார் பிரித்திருக்க முடியும்? அப்படியே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஜன்னலோரத்து மேசையில் என் பெட்டியைப் பிரித்து, பட்டை கட்டாமல் உள்ளே கை வைத்தபோது, உங்கள் விரலில் சுருக்கென்றதா இல்லையா?

வேலை போனால் போகட்டும். நான் எத்தனையோ வேலை பார்ப்பேன். ஆனால் நான் உட்கார்ந்து என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "பொறுத்துக்கொள் கண்ணு" என்று எழுதினீர்களே! வேலியே பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேலி பயிருக்கு ஆறுதல் வேறு சொல்லுமா?

விசாரணையில் உங்கள் பேச்சை எடுக்க மாட்டேன். பயந்து அல்ல. நான் சொன்னால் நீங்கள் ஜூனில் வர மாட்டீர்கள், சின்னவள் அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லாவிட்டால் நீங்கள் வந்து, நான் கழுவின தரையில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். அன்றைக்கு நான் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான். இந்தச் சுவரைக் கட்டினது நீங்கள். இடிப்பதும் இடிக்காததும் உங்கள் பாடு.


ஏப்ரல் 9

ஆமாம். சுருக்கென்றது.

உனக்குத் தெரிந்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? அன்று குளிருக்கு நைலான் சட்டை போட்டிருந்தேன். ஒரு நிமிஷம்தானே என்று பட்டை கட்டவில்லை. வெளிப்பெட்டியின் காதை இழுத்தேன், பையின் காதை இழுத்தேன். வாய் நீ மடித்தபடியே இருந்தது. முனைகளின் மூடியைக் கழற்றித் துடைக்கப் போனேன், விரல் நுனியில் பொறி தெறித்தது. சோதனை மேசையில் வைத்தபோது கார்டு செத்திருந்தது. சாந்தமூர்த்தி என் முகத்தைப் பார்த்தார். "பை வாய் திறந்திருந்துச்சு சார்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் "அப்படியா? எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். கிடங்குக்குத்தான் எழுதுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே நீ ஒருத்திதான் என்று தெரியாதா எனக்கு? தெரியும்.

அதற்குப் பிறகு இருதலைக்கொள்ளி எறும்பு மாதிரிதான் கிடந்தேன். இந்தப் பக்கம் போனால் நீ, அந்தப் பக்கம் போனால் ஜூன்.

உன் கடிதம் வந்த அன்றே சாந்தமூர்த்தியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "உண்மையச் சொன்னீங்க, சந்தோஷம். உங்க வீட்டம்மா மேல தப்பில்லன்னு இன்னிக்கே எழுதிடுறேன்" என்றார். சொன்னபடியே என் கண் எதிரே எழுதினார். எழுதி முடித்துவிட்டு அதே இழுப்பறையைத் திறந்தார். பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டு அதன் அடியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். "அந்த கார்டுக்கு ஈடா இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போங்க தம்பி. எங்க போயிடப் போறீங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பிரிக்கிற வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். இப்போது பின்பக்கத்துக் கொல்லையில் இருக்கிறேன். உள்ளே பிரித்து முடித்த அட்டைப்பெட்டிகளைக் கம்பி வேலி ஓரம் கொண்டுவந்து கொட்டுவார்கள். அடியில் ஒட்டிய டேப்பை நகத்தால் சுரண்டிக் கிழித்துத் தட்டையாக்கி அடுக்குவது என் வேலை. ஃபோம் தனி, அட்டை தனி. வேலிக்கு அந்தப் பக்கம் விமானம் ஏறுகிற சத்தம் கேட்கிறது. நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இனிமேல் உன் பெட்டி வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. காதை வேறு எவனோ இழுத்திருப்பான். எனக்கு வருவது காலிப் பெட்டிதான்.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் மன்னிக்கிற வேலையையும் எனக்காக நீயே செய்ய வேண்டியிருக்கும்.


ஏப்ரல் 28

என்னங்க,

விசாரணையே நடக்கவில்லை. அதற்குள் உங்கள் இடத்திலிருந்து வந்த தாளைப் பெரிய சார் படித்துவிட்டு, "பாத்தியாம்மா, நான் அப்பவே நினைச்சேன்" என்றார். என்னத்தை நினைத்தாரோ! மறுநாளே மேசைக்கு வந்துவிட்டேன். தடியன் கட்டி வைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி கட்டுவதற்கே ஒரு வாரம் ஆனது.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல நானும் உங்களைப் போல ஆக வேண்டும். இராத்திரி கையைப் பார்க்கிற பழக்கம் மட்டும் போய்விட்டது. கை நல்ல கைதான். அதைக் கெடுத்ததும் நீங்கள், திருப்பிக் கொடுத்ததும் நீங்கள். இதில் எதைத் தனியாகப் பிரித்துக் கோபப்படுவது என்று தெரியவில்லை.

இரண்டு வருஷம். படித்தபோது ஓவென்று கத்த வேண்டும் போல இருந்தது. மேலே நாற்காலி, பக்கத்தில் இருமல், நடுவில் கத்த இடம் ஏது? குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

சின்னவளிடம் நான் சொல்லவில்லை. இன்று காலைகூட மடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். அதை நான் பிரிக்க மாட்டேன். நீங்கள் அவள் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். ஏன் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதில் ஓரம் கீரம் என்று ஏதாவது இருந்தால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

நேற்று விமானத்து இன்வெர்ட்டர் ஒன்று பழுதாகி வந்தது. பட்டை கட்டி, மூடி போட்டு, பையில் வைத்து, வாயை மடித்து ஒட்டினேன். பையில் காது மடித்தேன், பிரிக்கிறவன் எவனோ அவனுக்காக. வெளிப்பெட்டியின் மேல்புறமும் மடித்தேன்.

அப்புறம் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து அடியில் ஒட்டிய டேப்பின் நுனியிலும் ஒரு காது மடித்து வைத்தேன். பெரிய சார் பார்த்துவிட்டு, "அடிப்பக்கம் எதுக்கும்மா காது? அத யாரு பிரிக்கப் போறா?" என்று கேட்டார். "ஒருத்தர் இருக்கார் சார், காலிப் பெட்டியத் தட்டையாக்குறவர்" என்றேன்.

நகத்தால் சுரண்டாதீர்கள். பிடித்து இழுங்கள், வந்துவிடும்.

உங்கள் பொட்டலக்காரி